அத்தியாயம் 7: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

“கியர் விழ மாட்டேங்குதுண்ணே” என்று சொல்லி வண்டியைப் பட்டறைக்குள் விட்டால், பல இடங்களில் முதலில் கிடைக்கும் பதில், “பெட்டியை இறக்கிப் பார்த்துடுவோம்” என்பதுதான். பெட்டி என்றால் கியர்பாக்ஸ். இறக்கி ஏற்ற ஒரு முழு நாள் போய்விடும். “இறக்கினதுதான் இறக்கியாச்சு” என்று கிளட்ச் பிளேட், கவர், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிதாக ஏறும். எல்லாவற்றையும் மாட்டிப் பெடலை மிதித்தால் பழைய கோளாறு அப்படியே இருக்கும்.

எனக்கே இப்படி நடந்திருக்கிறது. என் முதல் பிக்கப்புக்கு வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பெட்டியை இறக்கிப் புது பிளேட் போட்டார்கள். மூன்றாம் நாள் ஆலங்குடி சாலையில் மறுபடி கியர் கடித்தது. கடைசியில் கோளாறு, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த சுண்டுவிரல் நகம் அளவு ரப்பர் வாஷரில் இருந்தது. அதை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கழற்றி வைத்த பழைய பிளேட்டில் இன்னும் பாதித் தேய்மானம் பாக்கி இருந்தது.

அன்றைக்குக் கற்றதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. பெடலில் கொடுத்த மிதி எந்த இடத்தில் தொலைகிறது என்று தெரியாமல் ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச், ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு டம்ளர் தண்ணீர், பெடலை மிதிக்க ஒரு ஆள் போதும்.

உங்கள் வண்டி எந்த வகை?

பானட்டைத் திறந்து, ஓட்டுநரின் காலுக்கு நேராக இன்ஜின் பக்கத் தகட்டைப் பாருங்கள். அங்கே சிறிய பிளாஸ்டிக் பாட்டிலும், அதன் அடியில் ஒரு சிலிண்டரும், அதிலிருந்து கிளம்பும் இரும்புக் குழாயும் இருந்தால் உங்களுடையது ஆயில் கிளட்ச். நம் பக்கம் ஓடும் பழைய டாடா 207, பொலேரோ பிக்கப் போன்றவற்றில் பெரும்பாலும் இதுதான். கம்பி கேபிள் ஒன்று தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போனால் அது கேபிள் கிளட்ச். 2005இல் வந்த டாடா ஏஸ் அந்த வகை. அதற்கு இந்த அத்தியாயம் பொருந்தாது.

சில வண்டிகளில் கிளட்சுக்கென்று தனிப் பாட்டில் இருக்காது. பிரேக் ஆயில் பாட்டிலிலிருந்தே ஒரு ஓஸ் கிளட்சுக்கு வரும். அந்த ஓஸை வேண்டுமென்றே சற்று உயரத்தில் வைத்திருப்பார்கள். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச் போகட்டும், பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சட்டும் என்பது கணக்கு. இந்த மாதிரி வண்டியில் கிளட்ச் இறங்கினால் அதை பிரேக் கொடுக்கும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மிதி போகும் வழி

பெடலை மிதித்தால் ஒரு தண்டு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். உள்ளே இருக்கும் ஆயில், பிரேக் ஆயிலேதான், குழாய் வழியாக, பிறகு ரப்பர் ஓஸ் வழியாக, கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் கீழ் சிலிண்டருக்குப் போகும். அதன் பிஸ்டன் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைக் கவரின் விரல்கள் மேல் அழுத்தும். பிளேட் ஃப்ளைவீலை விட்டு விலகும். அப்போதுதான் கியர் சத்தமில்லாமல் விழும்.

இந்த வழியில் விரயம் செய்ய இடமே கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழ் சிலிண்டரின் உள்விட்டம் 22 மி.மீ. என்று வைத்தால், அதன் பரப்பு ஏறக்குறைய 3.8 சதுர செ.மீ. வழியில் 1 மில்லி ஆயில் கசிந்தாலோ, 1 மில்லி இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டு நசுங்கினாலோ, புஷ் ராடின் ஓட்டத்தில் 2.6 மி.மீ. போய்விடும். ராடு ஓடுவதே ஏதோ ஒன்றரை செ.மீ. அளவுதான். அதில் இவ்வளவு போனால் பிளேட் முழுதாக விலகாது. ஆயில் கிளட்சில் “கொஞ்சம்தானே கசியுது” என்ற பேச்சே எடுபடாது.

வண்டி சொல்லும் குறிகள்

*கியர் கடிக்கிறது, ரிவர்ஸ் அலறுகிறது:* இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லா கியரும் லேசாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், கிளட்ச் விடவில்லை என்று பொருள். இன்ஜின் நின்றிருக்கும்போதும் விழவில்லை என்றால் கியர் லீவர், ராடு பக்கம் பாருங்கள். பழைய பிக்கப்புகள் பலவற்றில் ரிவர்சுக்கு மட்டும் சிங்க்ரோ கிடையாது. அதனால் கோளாறை முதலில் சொல்வது ரிவர்ஸ்தான்.

*பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, இரண்டு மூன்று முறை பம்ப் பண்ணினால் சரியாகிறது:* உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பாட்டிலில் ஆயில் இல்லை.

*மிதித்தவுடன் சரி, சிக்னலில் மிதித்தபடி நின்றால் வண்டி தானாக நகரப் பார்க்கிறது:* மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷர் போய்விட்டது. ஆயில் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. பாட்டிலில் அளவு குறையாது என்பதால் பலரும் ஏமாறும் இடம் இது.

*காலையில் நன்றாக இருக்கிறது. லோடு ஏற்றி மதியம் வரும்போது பெடல் இறங்குகிறது:* பழைய ஆயில் ஈரம் இழுத்திருக்கலாம். சூட்டில் அது ஆவியாகிறது. வாஷர் தளர்ந்து, சூட்டில் இளகிய ஆயிலைத் தடுக்க முடியாமலும் இருக்கலாம்.

*பெடல் மெதுவாக மேலே வருகிறது:* ரப்பர் ஓஸ் உள்பக்கம் உப்பி வழியை அடைக்கிறது, அல்லது தவறான ஆயிலால் வாஷர்கள் வீங்கிவிட்டன.

*மிதித்தால் மட்டும் சத்தம்:* ரிலீஸ் பேரிங். மிதித்தால் நிற்கும் சத்தம் என்றால் கியர்பாக்சின் முன் பேரிங். இந்த இரண்டுக்கும் ஆயிலுக்கும் சம்பந்தம் இல்லை.

அரை மணி நேரச் சோதனை

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம்.

1. *பாட்டில்.* மூடியைத் திறக்கும் முன் சுற்றியிருக்கும் மண்ணைத் துடையுங்கள். ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் ரப்பர் கரைந்து வருகிறது. செம்பழுப்பாக இருந்தால் துரு. கிளட்சுக்கென்று தனிப் பாட்டில் இருந்து, அதில் அளவு குறைந்திருந்தால் கசிவு என்று முடிவு கட்டலாம். பிரேக்கில் லைனர் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். கிளட்சில் அப்படி இறங்காது. பிளேட் தேயும்போது ஃபோர்க் பின்வாங்கிக் கீழ் பிஸ்டனை உள்ளே தள்ளுவதால், மட்டம் கொஞ்சம் ஏறவே செய்யும். ஆகவே “தேய்மானத்தில் குறைஞ்சிருக்கும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. *பெடலின் பின்புறம்.* டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, பெடல் தண்டு தகட்டுக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். மேட்டைத் தூக்கிப் பாருங்கள். பெயிண்ட் கொப்புளித்துத் தோலாக உரிந்திருந்தால் பிரேக் ஆயில் அங்கே பல நாளாக வடிகிறது. மாஸ்டரின் பின்வாஷர் போயிற்று.

3. *கீழ் சிலிண்டரின் ரப்பர் தொப்பி.* வண்டிக்கு அடியில் போய், புஷ் ராடு வெளியே வரும் இடத்தில் தொப்பியின் உதட்டை மெல்ல விலக்குங்கள். ஓரிரு சொட்டு ஈரம் என்றால் கவனித்து வரலாம். ஒரு தேக்கரண்டி ஆயில் ‘பொளக்’கென்று கொட்டினால் சிலிண்டர் முடிந்தது.

4. *தண்ணீர் டம்ளர்.* அடியில் சொட்டுவது பிரேக் ஆயிலா, இன்ஜின் அல்லது கியர் ஆயிலா என்று சந்தேகம் வந்தால் இரண்டு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து கரைந்துவிடும். மற்றவை வானவில் நிறம் காட்டி மேலே மிதக்கும்.

5. *ஸ்கேல் சோதனை.* இந்த அத்தியாயத்தின் உயிர் இதுதான். ஸ்கேலைப் புஷ் ராடுக்கு இணையாகப் பிடியுங்கள். மேலே இருப்பவர் பெடலைத் தரை வரை மிதிக்கட்டும். ராடு எத்தனை மி.மீ. நகர்கிறது என்று பாருங்கள். வண்டியின் கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். புத்தகம் இல்லாவிட்டால் நல்ல நிலையில் உள்ள அதே மாடல் வண்டியை அளந்துகொள்ளுங்கள். ராடு முழுதாக ஓடியும் கியர் கடித்தால் கோளாறு பெட்டிக்குள்: ஃபோர்க், பேரிங், கவர், பிளேட். ராடு குறைவாக ஓடினால் கோளாறு ஆயில் வழியில். பெட்டியை இறக்க வேண்டிய வேலையே இல்லை.

6. *ஒரு நிமிடப் பிடிப்பு.* பெடலை மிதித்தபடி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். வெளியே எங்கும் கசியாமல், ராடு மட்டும் மெல்லப் பின்வாங்கினால் மாஸ்டரின் உள்வாஷர்தான் குற்றவாளி.

7. *ஓஸைக் கவ்வுதல்.* இன்னும் சந்தேகம் என்றால், ரப்பர் ஓஸை வழவழப்பான வாயுள்ள கிளாம்பால் துணி சுற்றிக் கவ்விப் பெடலை மிதியுங்கள். பெடல் மேலேயே கல்லாக நின்றால் மாஸ்டர் நல்லது, கோளாறு கீழே. அப்போதும் இறங்கினால் கோளாறு மாஸ்டரில், அல்லது மேலே காற்று நிற்கிறது. வெடிப்பு விழுந்த பழைய ஓஸில் இதைச் செய்யாதீர்கள். அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

சில மாடல்களில் கீழ் சிலிண்டர் பெட்டிக்கு உள்ளேயே, ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து இருக்கும். அங்கே ராடை அளக்க முடியாது. பெட்டியும் இன்ஜினும் சேரும் இடத்தின் அடியில் பிரேக் ஆயில் சொட்டினால், அந்த வண்டிக்கு மட்டும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

எதிர்க் கோளாறு: கிளட்ச் ஸ்லிப்

இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் பிடிக்கவில்லை. காலியான இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டு, பெடலை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடினால் ஸ்லிப். இதை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள்; பிளேட் வெந்துவிடும்.

ஸ்லிப்புக்குப் பெரும்பாலும் காரணம் தேய்ந்த பிளேட்தான். ஆனாலும் பெட்டியை இறக்கும் முன் ஒன்று பாருங்கள். கீழ் சிலிண்டரில் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூடுங்கள். ஆயில் சீறிக்கொண்டு வந்து, பிறகு வண்டி சரியாக இழுத்தால், ஆயில் பாட்டிலுக்குத் திரும்ப முடியாமல் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. மாஸ்டர் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தால்தான் பாட்டிலுக்குப் போகும் துளை திறக்கும். யாரோ பெடலை “டைட்” பண்ணித் தருகிறேன் என்று அந்த இடைவெளியைத் தின்றிருப்பார்கள். பெடலில் விரலால் அழுத்தினால் சில மி.மீ. சும்மா ஆட வேண்டும்.

ஏர் எடுக்கும் முறை

டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் எது அச்சிட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். சீல் உடையாத சிறு டப்பாவாக வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். டாட் 3இன் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த அளவு 140 டிகிரிதான். டாட் 4க்கு இது 230, 155. பாதி தீர்ந்து மூடி தளர்ந்து ஆறு மாதம் அலமாரியில் கிடந்த டப்பா வேண்டாம். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள வேறொரு பாட்டிலில் முக்குங்கள். மேலே இருப்பவர் மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறவுங்கள். குமிழியோடு ஆயில் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடச் சொல்லுங்கள். “மிதி”, “பிடி”, “விடு” என்று குரல் கொடுத்துச் செய்தால் பிசகாது. ஐந்தாறு முறைக்கு ஒரு தடவை மேலே மாஸ்டரின் பாட்டிலை நிரப்புங்கள். அது காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

எவ்வளவு எடுத்தும் பஞ்சு போகவில்லை என்றால் கீழ் சிலிண்டரின் ராடைக் கையால் மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். சிக்கிய காற்று பாட்டிலில் குமிழியாக மேலே வரும். சிலிண்டரைக் கழற்றித் தொங்கவிட்டிருக்கும்போது மட்டும் யாரும் பெடலைத் தொடக் கூடாது. பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

கிட்டா, முழு சிலிண்டரா?

ரப்பர் கிட் மாற்றினால் செலவு குறைவு. ஆனால் சிலிண்டரின் உள்சுவரைப் பார்க்காமல் கிட் போடாதீர்கள். துடைத்துவிட்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே துருக்குழி இருக்கிறது. புது வாஷரைச் சில வாரத்தில் அது கிழித்துவிடும். அப்படியானால் முழு சிலிண்டரையே மாற்றுங்கள். மாஸ்டரும் கீழ் சிலிண்டரும் ஒரே வயசு என்பதால், ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவது லாபம். கழுவுவதற்குப் புது பிரேக் ஆயில் மட்டும்தான். பெட்ரோல், டீசல் கூடாது.

வழியில் அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினேன் என்று சொல்லி வருகிறவர்கள் உண்டு. அந்த எண்ணெயில் இந்த ரப்பர் ஊறிய பூரியாக உப்பும். பாட்டில் மூடியின் ரப்பர் நெளிந்து தொங்கினால் அதுதான் சாட்சி. அதற்குப் பிறகு ரப்பர் என்று இருப்பது அத்தனையும் மாற வேண்டும். பிரேக்கோடு பொதுப் பாட்டில் என்றால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது. கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று சில

டி.என். 55 வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி கெடுவதில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டியில் மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் உப்போடு சட்டத்தில் வடிகிறது. அங்கே முதலில் அரிப்பது இரும்புக் குழாயும் நிப்பிளும். வாரம் ஒரு முறை அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள். நிப்பிளைத் திறக்கும் முன் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். ரிங் ஸ்பேனர் மட்டும் போடுங்கள்.

நார்த்தாமலைப் பக்கம் கல் ஏற்றும் வண்டிகளில் தூசு கீழ் சிலிண்டரின் தொப்பி வழியாக ஏறும். தொப்பி கிழிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். வடகாடு, மாங்காடு பக்கம் பலாப்பழ லோடு, ஜல்லிக்கட்டுக்குக் காளை ஏற்றிப் போகும் வண்டி, இரண்டுக்கும் எதிரி அரை கிளட்ச். கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது பெடலில் கால் வைத்தபடி ஓட்டினால் பிளேட், பேரிங், ஆயில் மூன்றும் சூடேறும். நின்றால் நியூட்ரல் போடுங்கள். கீரமங்கலம் பூ வண்டி விடியுமுன் ஓடுகிறது, சூடு குறைவு. ஆனால் வழியில் நின்றால் சரக்கு வாடிவிடும். அந்த வண்டிக்காரர்கள் ஒரு டப்பா ஆயிலைச் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பது நல்லது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் கிளட்ச் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம் வருகிறது. அதற்கு வண்டியைத் தயார் பண்ணும்போது பிரேக்கைப் பார்க்கிற மெக்கானிக்கிடம், “தம்பி, அப்படியே கிளட்ச் ராடையும் அளந்துடு” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வண்டி நன்றாக ஓடும் இன்றைக்கே ஒரு வேலை செய்து வையுங்கள். புஷ் ராடின் ஓட்டத்தை அளந்து, அந்த மி.மீ. எண்ணைத் தேதியோடு ஓட்டுநர் கதவின் உள்பக்கம் பெயிண்டில் எழுதுங்கள். நாளைக்கு யாராவது பெட்டியை இறக்க வேண்டும் என்று சொன்னால், முதலில் அந்த எண்ணைக் காட்டி, இன்றைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அளக்க மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.